பசுவுக்குப் பதில் மணியார்டர்

சின்ன காஞ்சிபுரம்
14-2-1969

தாமல் அப்பாதுரை மாமா அவர்களுக்கு, தணிகாசலம் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தறியும் சுகம். பசுவும் சுகம். அது இவ்விடம் இருப்பதுதான் என் புகார்.

மூன்று வருஷம் முன்பு உங்கள் அண்ணன் மகள் மணியம்மாளும் நானும் பிரிந்தபோது, "ரூபான்னா ஒரு மாசம் குடுப்பே, ஒரு மாசம் மறப்பே. கொழந்த பால் குடிக்கட்டும், பசுவ ஓட்டி வுடு. கொழந்தய மாசம் ஒரு நாள் போய் பாத்துக்கோ" என்று பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அப்போது அவள் அடுத்த தெருவில் இருந்தாள். இப்போது தையல் மிஷின் வாங்கிச் செவிலிமேட்டுக்குக் குடிபோய்விட்டாள். பசுவுக்கு இது தெரிய வேண்டாமா? சாயங்காலம் மேய்ச்சல் முடிந்ததும் நேரே என் வாசலில் வந்து நிற்கிறது. மணியம்மாள் மிஷினை விட்டு எழ முடியாதாம், பசுவைப் பிடித்து வரப் பெண்ணை அனுப்புகிறாள். பூவம்மாள் டவுன் பஸ்ஸில் வருகிறாள். வந்தவள் சும்மா இருக்கிறாளா? "பசிக்குதுபா" என்பாள், தோசை வார்க்கணும். கணக்கு சொல்லிக் கொடு என்பாள், நான் மூணாவதோடு நின்றவன், அவள் நாலாவது, ரெண்டு பேரும் முழிச்சிக்கினு இருப்போம். அப்புறம் பசுவையும் பெண்ணையும் செவிலிமேடு வரைக்கும் நடத்தி இட்டுக்கினு போய் விட்டுட்டு வரணும். தறி என்னாத்துக்கு ஆவறது? போன ஞாயித்துக்கிழமை கூத்தைக் கேளுங்க. பசு விடியக்காலையிலயே வந்துடுச்சு. தெருவுல முகூர்த்தப் புடவைக்குப் பாவு நூலை நீட்டி கஞ்சி போட்டு வச்சிருந்தோம், ஒரு முழத்துக்குக் கஞ்சியை நக்கிட்டு நிக்குது. பின்னாடியே பூவு ஓடியாந்து, "இன்னும் கொஞ்சம் உப்பு வேணுமாம்பா"ன்னு சிரிக்கிறா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. மொதலாளி வேணுகோபாலுக்கு வரலை. இனிமே பசு வந்தா உனக்குப் பாவு கிடையாதுன்னுட்டார்.

ஆகவே மாமா, நிலைமை மாறிப்போச்சு, தீர்ப்பையும் மாத்துங்க. பசுவை நீங்களே தாமலுக்கு ஓட்டிக்கினு போயிடுங்க. மாசம் முப்பது ரூபாய் தவறாம மணியார்டர் பண்ணிடறேன், பால் வாங்கிக்கட்டும். பூவும் பஸ்ஸுல அலைய வேணாம்.

அத்தைக்கு என் வணக்கம். தாமல் ஏரி நிரம்பி உங்கள் நிலம் நன்றாக விளையட்டும்.

தணிகாசலம்

பி.கு.: மேலே இருப்பது மொதலாளி பக்கத்தில் நின்று எழுத வைத்தது. இப்பத்தான் போனார். பசு போயிட்டா பூவு என்னா சாக்கு சொல்லிட்டு வருவா மாமா? மணியார்டரைத் தேடிக்கினு எந்தக் கொழந்த வரும்? தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, மணியம்மாள் காதுக்குப் போக வேண்டாம்: பசு தானா வரலை. வெல்லம் கரைச்ச தவிட்டுத் தண்ணி தினமும் வாசல்ல நான்தான் வைக்கிறேன்.