பூசணிக்காய் வழக்கில் நான் ஜெயித்த கதை

வக்கீலுக்கு நாக்குதான் சோறு போடுகிறது. அதே நாக்கு ஒருநாள் சோற்றில் மண்ணையும் அள்ளிப் போடும். எனக்குப் போட்டது.

திண்டுக்கல்லில் பதினைந்து வருடமாக எதிரிகளுக்காகவே வாதாடியவள் நான். (கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். என் மாமியார் இல்லை.) ஜாமீன் வாங்குவதில் கெட்டிக்காரி என்று பெயர். அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, என்னைக் கூடுதல் அரசு வழக்கறிஞராகப் போட்டுவிட்டார்கள். அதாவது, இனிமேல் யாருக்கும் ஜாமீன் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்!

முதல் நாள். என் பெருமையைப் பார்க்க, என்னைப் பெற்ற அத்தா புது வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோல் மண்டியில் ஆயுளைக் கழித்தவர், காது மந்தம். பக்கத்தில் என் கணவர் காஜா. முதல் இரண்டு மனுக்களையும் "கடுமையாக ஆட்சேபிக்கிறேன்" என்று சொல்லித் தள்ளுபடி ஆக வைத்தேன். தலைக்கனம் லேசாக ஏறியது.

அடுத்தது பூசணிக்காய் வழக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில், கேரளா லாரியில் யார் சரக்கை முதலில் ஏற்றுவது என்று தகராறு. பழனிச்சாமி என்ற வியாபாரி, வடமதுரை முத்தையாவின் தலையில் பூசணிக்காயைப் போட்டுவிட்டார். பழனிச்சாமி சிறையில், முத்தையா தலைக்கட்டோடு கோர்ட்டில். வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்னால் நின்றார்.

ஜாமீன் கேட்க வேண்டிய வக்கீல் என் பழைய ஜூனியர் பிரபு. அவன் எழுந்திருப்பதற்குள், கதவோரம் பழனிச்சாமியின் மனைவி கைக்குழந்தையோடு விசும்பினாள். அவ்வளவுதான். கறுப்பு அங்கி தானாக எழுந்தது. உள்ளே நானும் எழுந்தேன்.

"கனம் கோர்ட்டார் அவர்களே! பூசணிக்காய் ஆயுதமா? சாம்பாரில் போடுகிற காய்! உடைந்தது காய்தானே தவிர மண்டை இல்லை. காயம் சாதாரணம். அடிபட்டவர் நடந்தே கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். மனுதாரர் குடும்பஸ்தர், எங்கும் ஓடிவிட மாட்டார்!"

சப்-இன்ஸ்பெக்டர் இருமினார். பாவம், சளி என்று நினைத்தேன். அங்கியைப் பிடித்து இழுத்தார். நாற்காலி ஆணியில் மாட்டிக்கொண்டது போலும் என்று உதறிவிட்டு இன்னும் உருக்கமாகப் பேசி முடித்தேன். கடைசி பெஞ்சில் அத்தா மட்டும், "மாஷா அல்லாஹ்!" என்று கை தட்டினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிரபுவைப் பார்த்தார்.

"அரசுத் தரப்பு வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் ஐயா," என்றான் அந்தப் பாவி. "சேர்க்க ஒன்றுமில்லை."

அரசுத் தரப்பு! அது நான்தானே!

"மன்னிக்கணும் ஐயா, கடுமையாக ஆட்சேபிக்கிறேன். மனுதாரர் தலைமறைவாகிவிடுவார்."

"ஓட மாட்டார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"காயம் பலமானது ஐயா..."

"சாதாரணம் என்றீர்களே அம்மா?"

"பூசணிக்காய் ரொம்பப் பெரிசு, ஐயா!"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி வழக்குக் கட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டே ஜாமீன் கொடுத்தார்.

வராந்தாவில் பழனிச்சாமியின் மனைவி ஓடி வந்தாள். "ஏனுங்க மேடம், கேஸையும் நீங்களே நடத்திக் குடுத்துருங்க. அந்த வக்கீலு வாயே தொறக்கலைங்க."

அடிபட்ட முத்தையாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பேசுனதக் கேட்டு, அந்தப் பய மேல எனக்கே எரக்கம் வந்துருச்சும்மா."

சப்-இன்ஸ்பெக்டரோ, என்னையும் கைது செய்ய ஏதாவது சட்டப்பிரிவு இருக்கிறதா என்று யோசிப்பவர்போல நின்றார்.

"ஜெயிச்சிட்டியாம்மா?" என்றார் அத்தா, வராந்தா முழுக்கக் கேட்கும்படி.

"ஜெயிச்சிட்டேன் அத்தா. அதான் பிரச்சனையே."

சாயங்காலம் எங்கள் மூத்த அரசு வழக்கறிஞர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்றே போனேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இனிமே வாயத் தொறந்தா மொத வார்த்தை 'அரசுத் தரப்பில்'னு வரணும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி," என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தேன்; வேலை பிழைத்தது. கோர்ட்டில் நாக்கு திருந்திவிட்டது. வீட்டில்தான் இன்னும் திருந்தவில்லை.

போன மாதம் எங்கள் மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். பையனின் மாமா தயங்கித் தயங்கி, "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு, அம்புட்டுத்தான்," என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இந்த வயசுல கோவம் வராம எப்ப வரும்? சின்னப் பிள்ளைதானே! கோவம் இருக்கிற எடத்துலதான் குணமும்..."

இனிப்புத் தட்டை நீட்டுகிற சாக்கில் காஜா என் காதருகே குனிந்தார்.

"செத்த நிறுத்துறியா? நாம பொண்ணு வீடு."