கருங்குழியில் வெளியான ரிசல்ட்

குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்தால், சொந்தக்காரர் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அவனை யாரும் நினைக்கமாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும் அவன் பெயர் ஊருக்கே தெரிந்துவிடும். இந்த அநியாயத்தை இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

என் அக்கா கணவர் மாமல்லபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். செல்போன் வந்துவிட்டது, ஆனால் அதில் இன்டர்நெட் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றாத காலம். இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறை. உளிச் சத்தத்துக்கு நடுவில்தான் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து மெயில் அனுப்புவார்கள். அங்கிருந்த சர்வரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். ஒருவர் பார்த்த பக்கத்தை அது சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டதும் சட்டென்று எடுத்து நீட்டும். அந்த வேலையைச் செய்த சர்வீஸுக்கு, எழுதிய புண்ணியவான்கள் ‘ஸ்க்விட்’ என்று கணவாய் மீனின் பெயரை வைத்திருந்தார்கள். அது எழுந்தால்தான் சென்டரில் இன்டர்நெட்.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலை, கூட்டம் சேரும் என்பதால் உதவி செய்யலாமே என்று ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பிப் போனேன். போனவன் சும்மா இருந்திருக்கலாம். ஸ்க்விட்டின் புதுப் பதிப்பு வேகமாக இருக்கும் என்று படித்திருந்ததால், கடை திறக்கும் முன்பே அதை ஏற்றினேன். (யாரும் உன்னைக் கேட்கவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அக்கறை என்பது கேட்டா வரும்?)

சர்வீஸைக் கிளப்பினேன். சிவப்பு எழுத்தில் ‘ஃபெயில்டு’ என்று வந்தது. ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் வாசலில் நிற்க, கடைக்குள் முதல் ஃபெயில் எனக்கு.

மறுபடி கிளப்பினேன். மெஷினையே அணைத்துப் போட்டேன். சிவப்புதான். மாமா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா மச்சான், நல்லா ஓடிகினு இருந்தத எதுக்கு நோண்டுன?”

ஸ்க்விட் எழுந்திருக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் அதை மொழிபெயர்த்து, கணவாய் எழுந்திருக்கவில்லையாம் என்று வாசலில் அறிவித்துவிட்டார். மீன் விற்கும் மலர்க்கொடி அக்கா, அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு மகள் செல்வியோடு வந்திருந்தார். நேற்று வலையில் நிறைய விழுந்ததே, வேண்டுமானால் கொண்டுவரட்டுமா என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்குக் காது சுட்டது.

கடைசியில்தான், எங்கே இடித்தது என்று சர்வர் எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். செட்டிங்ஸ் ஃபைலில் இன்ன வரி புரியவில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நேற்றுவரை புரிந்த வார்த்தை புதுப் பதிப்புக்குப் புரியாதாம், அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம். யாரைக் கேட்டு வைத்தார்கள்? ரேஷன் கடைக்குப் பெயர் மாற்றினால்கூட வாசலில் போர்டு வைப்பார்கள். ஆத்திரத்தில் அந்த வரியையே அழித்தேன். அடுத்த வரியில் முனகியது. அதையும் அழித்தேன். பச்சை எழுத்தில் ‘ஓகே’ வந்தது. கடையில் கைதட்டினார்கள். அடக்கமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் பக்கத்தைத் திறந்தோம். ‘தேர்வு முடிவுகள் விரைவில் வெளியாகும்’ என்றிருந்தது. சரி, இன்னும் நேரமிருக்கிறது. நேரம் வந்தது, கடந்தும் போனது. பக்கம் மட்டும் அப்படியே. செல்வி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, இந்த நாட்டில் எதுவுமே சொன்ன நேரத்துக்கு நடக்காது, பிள்ளைகளை இப்படியா காக்கவைப்பது என்று அரசாங்கத்தைப் பிடிபிடியென்று பிடித்தேன். வாசல்வரை ஆமாம் போட்டார்கள். வாழ்க்கையில் என் பேச்சை ஒரு கூட்டம் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அப்போது மலர்க்கொடி அக்காவின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, கருங்குழிலேர்ந்து எங்கண்ணன் பேசுது. அங்க ரிசல்ட்டு வந்து ரொம்ப நேரமாவுதாம். செல்வி பாஸுன்னு சொல்லுது.”

கருங்குழியில் புரளி கிளப்புகிறார்கள், நம்பாதீர்கள் என்றேன். அதிகாரபூர்வப் பக்கம் என் கண் முன்னால் இருக்கிறது, கருங்குழிக்கு மட்டும் தனியாகவா வெளியிடுவார்கள் என்றும் கேட்டேன். செல்விக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் இன்னொரு போன் அடித்தது, பிறகு இன்னொன்று. செங்கல்பட்டில் வந்துவிட்டதாம், திருக்கழுக்குன்றத்தில் வந்துவிட்டதாம்.

மாமா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “மச்சான், நீ இன்னாத்த அழிச்ச?”

இந்த மாதிரிப் பக்கங்களைச் சேமிக்காதே, ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்து வா என்று சொல்லும் வரியைத்தான் அழித்திருந்தேன். சர்வர் காலையில் எடுத்த பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் அதையே வேகமாக, நான் ஆசைப்பட்ட அதே வேகத்தில், காட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சென்டரை நோக்கி ஓடியது. மலர்க்கொடி அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். போகும்போது என்னிடம் நின்று, “நீ இன்னா படிச்சிகீற தம்பி?” என்று கேட்டார். எம்.சி.ஏ. என்றேன். “பரவால்ல, வுடு” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சொல்லாமல் கொள்ளாமல் வார்த்தையை மாற்றியவர்களை யாரும் திட்டவில்லை. திட்டு முழுக்க எனக்கு. இதில் என்ன நியாயம்?

சில வருடம் கழித்து, செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவியின் பிரசவத்துக்காகக் காத்திருந்தோம். எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, மாமா மட்டும் நிதானமாகச் சொன்னார். “கருங்குழில எப்பவோ பொறந்துட்டுதாம். நம்மகிட்டதான் இன்னும் வெளியாகல.”

என் மாமனாருக்குப் புரியவில்லை. உடனே மாமா முழுக் கதையையும் கைகால் ஆட்டிச் சொன்னார். கணவாய் கொண்டுவரட்டுமா என்ற இடத்தில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் குழந்தையோடு வெளியே வந்தார்.

என் மகளை முதலில் கையில் வாங்கியவர் மாமனார். அவளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“கருங்குழிக்குச் சொல்லியாச்சா மாப்பிள்ளை?” என்றார்.