ஏறியவர் இறங்குவதற்கான விண்ணப்பம்

எங்கள் ஸ்தாரா கோரா குன்றில் மக்கள் எந்த ஒழுங்குமுறையும் இல்லாமல் ஒயின் குடித்து வருகிறார்கள் என்பதை நகராட்சி போன வசந்த காலத்தில்தான் கண்டுபிடித்தது. நானூறு வருஷமாக இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு குன்றில் ஏறியது. வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒரு சிறு வீடு. வீட்டு வாசலுக்கு ஓர் ஆள். "சும்மா ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று ஒவ்வொருவரும் கூப்பிட்டார்கள். குழு இரண்டாவது வீட்டைத் தாண்டவில்லை. நிலைமை மிகவும் கவலைக்குரியது என்று அறிக்கை கொடுத்தார்கள். கையெழுத்துகள் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தன.

எங்கள் வழக்கம் அப்படி. தோட்டத்து வீட்டைக் கடந்து போகிறவரைக் கூப்பிடாமல் விடுவது தப்பு. உள்ளே வந்தவரின் கோப்பையைக் காலியாக விடுவது பெரிய தப்பு. பீப்பாயில் ஒயின் இருக்கிறவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளி வேண்டாம் என்றால், ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். அப்படிச் சொன்னவர் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் போக மாட்டார்கள். இத்தனைக்கும் எங்கள் ச்விச்செக் ஒயின் புளியங்காய்ப் புளிப்பு. முதல் கோப்பையில் முகம் கோணும். மூன்றாவது கோப்பையில் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும்.

இந்தச் சீர்கேட்டைச் சரிசெய்ய நகராட்சி 'அனுபவப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, அல்பீனா மேடத்தைத் தலைவராகப் போட்டது. அவர் அதுவரை இடுகாட்டுப் பிரிவைக் கவனித்து வந்தவர். பதினாறு வருஷத்தில் அங்கிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை என்பது அவருடைய தகுதி. அவர் கொண்டுவந்த திட்டத்தின் பெயர், 'திராட்சைத் தோட்டத்தினூடே வழிகாட்டியுடன் நடை. நடை நிறைவுற்ற பின்னர் ஒயின்.' வழிகாட்டியாக என்னை நியமித்தார்கள். நான் போகோமீர், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். ஆட்களை ஏற்றி இறக்கிய அனுபவம் உள்ளவர் என்று நியமன ஆணையில் போட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் அதிகமில்லை. நடை முடியும்வரை யாரும் ஒயினைத் தொடக்கூடாது. வழிகாட்டி இல்லாமல் வெளியூர்க்காரர்கள் பாதையில் கால் வைக்கக்கூடாது. ஒயின் அருந்தியவரை வழிகாட்டி நடத்திச் செல்லக்கூடாது. பாதையின் புனிதம் கருதி அதில் வண்டி வாகனம் எதுவும் போகக்கூடாது. நடை குன்றின் உச்சியில், லுத்விக்கின் தோட்டத்து வீட்டில் நிறைவுறும். நான் இதை இரண்டு தடவை படித்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், மேல போயிக் குடிச்சிடறாங்க. அப்புறம் எப்படிக் கீழ வருவாங்க?"

"கீழ வர்றது இந்தத் திட்டத்துல இல்லையே."

"ஆனா ஆளுங்க வந்துதானே ஆகணும் மேடம்."

"தலைப்பப் படிங்க. நடை, பிறகு ஒயின். ஒயினுக்குப் பிறகு என்னன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? போடாத விஷயத்துக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?"

நியாயம்தான். நான் தொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தொப்பியில் ஒரு திராட்சைக் கொத்து தைத்திருந்தது.

லுத்விக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. நகராட்சி தன் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டதாம். அவரிடம் அப்போது இரண்டு பீப்பாய் ஒயின் இருந்தது. சின்னது அக்கம்பக்கத்தாருக்கு. பெரியது அவருடைய ஒரே மகள் நேஷாவின் கல்யாணத்துக்கு. கல்யாணம் நவம்பரில், மார்ட்டின் திருநாளன்று. அந்தப் பெரிய பீப்பாய்க்கான பழங்களை மகளும் அப்பாவுமாகக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருந்தார்கள். அதைத் தொட லுத்விக் தன் மனைவி பாவ்லாவைக்கூட விட்டதில்லை.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, தலைநகரிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். நாங்கள் உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிற குன்றுக்கு ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் கொண்டுவந்திருந்தார்கள். டீசா என்ற யோகா ஆசிரியை எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். மண்ணிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். அனுமதி கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு ஒவ்வொருவரும் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று காதை வைத்துக் கேட்டார்கள். எவ்கென் என்ற பல் டாக்டருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தனியாக நிறுத்தி மறுபடி கேட்கச் சொன்னார்கள். இரண்டாவது முறை கேட்டுவிட்டது என்றார். மனிதர் பசியில் இருந்தார்.

உச்சிக்குப் போனதும் நடை நிறைவுற்றதாக அறிவித்துக் கையெழுத்து வாங்கினேன். பாவ்லா புகைபோட்ட தொத்திறைச்சியும் ரொட்டியும் வைத்தார். லுத்விக் ஊற்றினார். டீசா கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். ஈரக் கல், பழைய புத்தகம், பெய்யாமல் போன மழை ஆகியவை நாக்கில் தெரிவதாகச் சொன்னார். லுத்விக் என் காதருகே வந்தார்.

"டேய், பீப்பாய நல்லாத்தானே கழுவினேன்?"

ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்ப எழுந்தார்கள். நான் விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். குடித்தவர்களை நான் கூட்டிப் போகக்கூடாது. நான் இல்லாமல் அவர்கள் போகக்கூடாது. லுத்விக்கின் டிராக்டர் வரக்கூடாது. அப்படியென்றால் போதை தெளிகிறவரை இங்கேயே இருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். எல்லாரும் சரியென்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களின் கோப்பை காலியாக இருந்தது. லுத்விக்கின் கை தானாகக் குடுவைக்குப் போயிற்று.

மேடத்துக்குப் போன் போட்டேன். விதிகள் சிறப்பாகச் செயல்படுவதாக மகிழ்ந்தார். இருந்தாலும் மறுநாள் காலை ஆய்வாளர் ரைமுண்டை அனுப்பிவைத்தார். அவர் மூச்சுச் சோதனைக் கருவியோடு ஏறி வந்தார். யார் தெளிந்திருக்கிறார்களோ அவர்களை அனுப்பிவிடலாம் என்பது அவர் திட்டம். வந்தவரின் கையில் லுத்விக் ஒரு கோப்பையைக் கொடுத்தார். பணியில் இருக்கிறேன் என்று ஆய்வாளர் இரண்டு தடவை மறுத்தார். லுத்விக்கின் முகம் விழுந்துவிட்டது.

"ஒயின் கெட்டுப்போச்சுன்னு ஊருக்குள்ள போய்ச் சொல்லப் போறீங்களா சார்?"

ரைமுண்ட் அடுத்த குன்றில் பிறந்தவர். அவருக்கும் அம்மா அப்பா சாவுக்கு நாலு பேர் வரவேண்டும். குடித்தார். பிறகு கருவியைத் தன் வாயில் வைத்து ஊதிப் பார்த்து, தானும் கீழே போகக்கூடாது என்று தனக்கே ஓர் ஆணை எழுதிக்கொண்டார். இப்படி நேர்மையான அதிகாரியை நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் குடித்திருந்தேன், குடித்தவனை வழிகாட்டி கூட்டிப் போகக்கூடாதே. வழிகாட்டி குடிக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சின்னப் பீப்பாய் தீர்ந்தது. பாவ்லா ஒரு காரியம் செய்தார். பெரிய பீப்பாயை நிமிர்த்தி வைத்து, மேசை விரிப்பைப் போட்டு மூடி, அதன்மேல் ரொட்டியை வைத்துவிட்டார். கணவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"தீந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. நேஷா கல்யாணத்துக்கு வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

"இருக்கறத எப்படி இல்லேன்னு சொல்றது? நம்ம கூரைக்கு அடியில உக்காந்திருக்காங்கடி."

அந்த நேரம் பார்த்து டாக்டர் எவ்கென் ரொட்டி எடுக்கப் போனவர், விரிப்பின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டினார். "உள்ள நெறைய இருக்கு" என்றார். பல் டாக்டருக்குச் சத்தம் தெரியாதா.

லுத்விக் யாரையும் பார்க்காமல் வந்தார். விரிப்பை மடித்து மனைவியிடம் கொடுத்தார். பீப்பாயில் குழாயை அடித்து இறக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாம் எல்லாரும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கோப்பையைத்தான் நீட்டினேன். நல்ல ஒயின். அந்தக் குன்றில் அதுபோல் ஒன்றை நான் குடித்ததில்லை.

நாலாம் நாள் அதுவும் தீர்ந்தது. வழக்கத்துக்கும் தாகம் தீர்ந்தது. ஐந்தாம் நாள் காலை எல்லாரும் ஊதிப் பார்த்து, சுத்தம் என்று சான்று வாங்கிக்கொண்டு, என் பின்னால் இறங்கினார்கள். ஆனால் வழிகாட்டியுடன் இறங்குவதும் ஒரு நடைதானே. நடை நிறைவுற்றால் பின்னர் ஒயின் தந்தே ஆகவேண்டும். அல்பீனா மேடம் கார் நிறுத்துமிடத்தில் தயாராக நின்றார். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய அட்டைப்பெட்டி ஒயினைக் கூஜாவில் ஊற்றி வைத்திருந்தார். டீசா ஒரு வாய் குடித்துக் கண் கலங்கினார்.

"மேல குடிச்சதெல்லாம் சும்மா. இதுதாங்க இந்த மண்ணு."

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. ஸ்தாரா கோராவுக்கு வரும் ஒரு பயணி சராசரியாக நாலு மணி நேரம் தங்கியது போய், இப்போது நாலு நாள் தங்குகிறார். நாட்டில் வேறெங்கும் இல்லாத சாதனை. மேடத்துக்கு விருது கொடுத்தார்கள். விருது விழாவில் யாரோ ஒருவர் லுத்விக்குக்கு என்ன என்று கேட்டார். அவருக்கு ஒரு பலகை கொடுத்தார்கள்: 'இங்கே அனுபவம் கிடைக்கும்.'

சாதனை நழுவிவிடக்கூடாது அல்லவா. உச்சியில், இறங்கும் பாதை தொடங்குமிடத்தில், 'இறக்க அலுவலகம்' என்று ஓர் அறை கட்டி, குறுக்கே இரும்புக் கதவு போட்டு, இரண்டு பக்கமும் வேலி அடைத்தார்கள். பாரபட்சம் கூடாது என்று உள்ளூர்க்காரர்களையும் விதியில் சேர்த்தார்கள். ஏறுகிறவர் கீழிருந்து தள்ளினால் கதவு திறக்கும். இனி இறங்க நினைப்பவர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூடவே வழிகாட்டி தந்த ஏறிய சான்று, மூச்சுச் சான்று. இறக்க அலுவலராக யாரைப் போட்டார்கள் என்கிறீர்கள்? ஆட்களை ஏற்றி இறக்கிய அனுபவம் உள்ளவர் ஊரில் ஒருவர்தானே. புதுத் தொப்பி கொடுத்தார்கள். மேசை, நாற்காலி, தேதி முத்திரை, கதவுச் சாவி எல்லாம் கொடுத்தார்கள்.

மார்ட்டின் திருநாள் வந்தது. புது ஒயின் குடிக்கத் தகுதி பெறுகிற நாள் அது. காலை பத்தரைக்கு என் சன்னலில் லுத்விக் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, சட்டையில் கல்யாண வீட்டார் குத்திக்கொள்ளும் ரோஸ்மேரிக் கொத்து. காலடியில் இரண்டு பெரிய குடுவை. கல்யாண விருந்துக்குப் புது ஒயின் எடுக்க முதல் நாளே மேலே வந்திருந்தார். பதினொரு மணிக்குக் கீழே கோயிலில் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

"சீக்கிரம் கதவத் தொற போகோமீர்."

நான் விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துப் பேனாவை எடுத்தார். ஏறிய சான்று அவரிடம் இல்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக வழிகாட்டி இல்லாமல் ஏறியவர். ஆவணப்படி அவர் குன்றின்மேல் வரவே இல்லை. வராதவரை நான் எப்படி இறக்குவது? அதைப் பிறகு பார்க்கலாம் என்று மூச்சுக் கருவியைக் கொடுத்தேன். ஒரு கோப்பை குடித்திருந்தார். தான் சுவைத்துப் பார்க்காத ஒயினைப் பிறருக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர் எங்கள் ஊரில் கிடையாது. காரணம் என்ற கட்டத்தில் 'மகள் கல்யாணம்' என்று எழுதியிருந்தார். அங்கே எழுதக்கூடாது, மழை, நோய், அனுபவ நிறைவு மூன்றில் ஒன்றைத்தான் வட்டமிட வேண்டும்.

"டேய், எம் மக ஒயினக் குடிச்சவன்தானே நீ."

"அலுவலகத்துல வச்சு அதெல்லாம் பேசாதீங்க அண்ணே."

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மேசைக்கு மேலே மேடத்தின் படம் மாட்டியிருந்தது. விருது வாங்குகிற படம்.

லுத்விக் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சன்னல் திட்டில் உட்கார்ந்தார். குடுவையைத் திறந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஊற்றி, என்னிடம் நீட்டினார். ஆத்திரத்திலும் மனிதர் வழக்கத்தை விடவில்லை. மறுத்தால் அவருடைய ஒயின் கெட்டுப்போயிற்று என்று சொன்னதாகிவிடும். அதுவும் கல்யாண நாளில். வாங்கிக் குடித்தேன். இப்போது கதவைத் திறந்தாலும் நானும் இறங்க முடியாது.

பதினொன்றுக்குக் கீழே மணி அடித்தது. அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள் போலும், மறுபடி ஒரு தடவை அடித்தார்கள். மூன்றாவது தடவை அடிக்கவில்லை. லுத்விக் இன்னொரு கோப்பை ஊற்றினார். நான் தேதி முத்திரையை நாளைக்கு மாற்றி வைத்தேன்.