இரண்டு ராகு காலமும் ஒரு குழாயும்

உ
முருகன் துணை

கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
22-6-63, சனிக்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணன் முத்துசாமி அவர்களுக்கும் அண்ணி அவர்களுக்கும், தங்கை சந்திரமதி கைகூப்பி எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜொகூரில் உங்கள் முட்டுவலியும் அண்ணியின் இருமலும் தணிந்திருக்க வேலவனை வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்து அனுப்பிய இடம் நேற்று வெள்ளிக்கிழமை நம் தங்கத்தைப் பெண் பார்க்க வந்து போனது. அந்த அம்மாள் உங்களிடம் வந்து ஒரு விதமாகச் சொல்லுவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிட வேண்டும். முதலில் அப்போது இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவிடுகிறேன், பிறகு வழக்கு வரக் கூடாது. அவர்கள் பக்கம்: மாப்பிள்ளைப் பையன் இராமசாமி, அவர் தாயார் முத்தாயி அம்மாள், தாய்மாமன் ஒருவர். தாய்மாமன் பெயர் தெரியவில்லை, கேட்டபோதெல்லாம் தும்மினார். எங்கள் பக்கம்: நான், உங்கள் மைத்துனர், தங்கம். மற்றபடி கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா, அவர் மனைவி சம்சுன்னிசா, மாடி முன்னறையில் குடியிருக்கும் கிளார்க்கு சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் இருந்தார், அதனால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் எங்கள் பின்கட்டுக் குழாயில் இருக்கிறது. மழை பொய்த்து இங்கே தண்ணீருக்கு முறை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். சில நாள் காலையில் நிற்கும், சில நாள் மத்தியானத்துக்கு மேல் நிற்கும். அதோடு போன மாதம் முதல் தண்ணீர், மின்சாரம், கேஸ் எல்லாவற்றுக்கும் புது வாரியம் வந்திருப்பதாகச் சுப்பிரமணியம் பேப்பரைப் படித்துவிட்டு வந்து, “அக்கா, நகரசபைக் காலமெல்லாம் போயிடுச்சு, ஊரே திருந்துது, நம்ம குழாய் மட்டும் எவ குடம் முந்துதோ அவளுக்குன்னு நின்னா எப்படி?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் போட்டோம். மூன்று குடும்பத்துக்கும் அந்த ஒண்டிக்கட்டை சுப்பிரமணியத்துக்கும் ஆக ஒரு குழாய். அதற்கு ஒரு சபை, சபைக்கு ஒரு தலைவர் வேண்டும். கணக்குப் பிசகாமல் குடும்பம் நடத்துகிறவள் என்று சொல்லி என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். (மூன்றாவது குடும்பம் பின்னறைக்காரர்கள், அவர்கள் அன்றைக்கும் நேற்றைக்கும் ஊரில் இல்லை, ஆகையால் அவர்களை விட்டுவிடுங்கள்.)

அண்ணா, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான். பஞ்சாங்கத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். அட்டவணை போடு என்றால் எனக்குத் தெரிந்த அட்டவணை அது ஒன்றுதான். ஆகவே ராகு காலத்தில் நம்மவர்கள் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். உடனே சுப்பிரமணியம் எழுந்து நின்றார். “தலைவி அவர்களே, பஞ்சாங்கம் மதராஸ்ல அச்சடிச்சது. அங்க பத்தரைன்னா இங்க பன்னண்டரை. ராகு எந்த ஊர் மணியப் பாத்து வர்றாரு?” உங்கள் மைத்துனர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமில்லையா? “இங்க வந்தா இங்கத்து மணிதான். அவர் என்ன கைக்கடியாரத்த மாத்தாம கப்பல் ஏறி வந்தவரா?” என்று கேட்டார். அதிலிருந்து கூட்டம் இரண்டு கட்சியாகி, கடைசியில் எதற்கு வம்பு என்று இரண்டு ராகு காலத்தையும் கடைப்பிடிப்பது என்று தீர்மானம் போட்டோம். சிங்கப்பூர் ராகுவுக்கு ஒன்றரை மணி, இந்திய ராகுவுக்கு ஒன்றரை மணி. அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சம்சுன்னிசா, “எங்களுக்கு ஒரு ராகுவும் கிடையாதுக்கா. ரெண்டையும் நம்ம பேருல எழுதிடுங்க” என்றாள். எழுதினேன். நடுவில் கிடக்கும் அரை மணிக்காக யார் படி இறங்குவது என்று அதையும் அவளுக்கே எழுதினேன்.

அதன் பலனை எழுதக் கை கூசுகிறது. யாரும் போட்டிக்கு வராத நேரத்தில் நிம்மதியாகப் பிடித்துப் பிடித்து அவள் வீட்டில் தாழி, அண்டா, எண்ணெய் டின் எல்லாம் தளும்ப நின்றன. நாங்களோ மாலையானால் செம்பைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில். புது வாரியம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சம்சுன்னிசாவின் அடுப்படியைக் காட்டலாம் போல ஆகிவிட்டது. இந்த எரிச்சலில், போன வாரம் அவள் என் முறையில் ஒரே ஒரு வாளி பிடித்துவிட்டாள் என்று சபையைக் கூட்டிக் கண்டித்தேன். தலைவி என்று ஆன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. “சரிங்க தலைவி” என்று சொல்லிவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நேற்று அவர்கள் வந்தார்கள். ஒன்பதரைக்கு வருவதாகப் பேச்சு. நம் முறையில் பிடித்த தண்ணீரில் நான் மாடிப்படியையும் வாசல் அஞ்சடி நடைபாதையையும் கழுவிக் கோலம் போட்டேன். இவர் பதற்றத்தில் ஒரு தடவை குளித்ததை மறந்து மறுபடியும் குளித்தார். இனி கோப்பிக்கு மட்டும் இருந்தால் போதும் என்று மிச்சத்தை மூடி வைத்தால், மூடி வைத்ததை எடுத்துத் தன் சட்டைக் கறையைத் தேய்த்திருக்கிறார். அவர்களுக்கோ ஜொகூர்ப் பாலத்தில் நெரிசல், வந்து இறங்கும்போது மணி சரியாகப் பத்தரை. முத்தாயி அம்மாள் அஞ்சடியில் ஒரு காலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து அந்தக் காலையும் பின்னால் எடுத்துக்கொண்டார். “ராகு காலத்துல பொண்ணு வீட்டுப் படி ஏற மாட்டேன். நாங்க இங்கனயே நிக்கிறோம்.” சுப்பிரமணியம் மாடிச் சன்னலிலிருந்து தலையை நீட்டி, “அம்மா, மேல வாங்க, இந்தியக் கணக்குல இப்ப நல்ல நேரந்தான்!” என்று கத்துகிறார். நான் முருகா முருகா என்கிறேன். ஹனீபா நானாதான் பெரிய மனதோடு, “வெயில்ல எதுக்கும்மா நிக்கிறீங்க, கடையில உக்காருங்க லா, கடைக்கு ஏது ராகு” என்று உள்ளே அழைத்து மூட்டைகளின் மேல் உட்கார வைத்தார்.

அவை வற்றல் மிளகாய் மூட்டைகள், அண்ணா. புதுச் சரக்கு. ஒன்றரை மணி நேரம்.

பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறி வரும்போது தாய்மாமன் தும்மல் நிற்கவில்லை. முத்தாயி அம்மாளுக்குக் கண்ணிரண்டும் கொவ்வைப்பழம். முந்தானையால் துடைக்கத் துடைக்க இன்னும் எரிச்சல். “ஒரு செம்புத் தண்ணி குடும்மா, கண்ணே போச்சு” என்கிறார், வீட்டில் நனைக்கச் சொட்டு இல்லை. இந்திய ராகு பிறக்க அரை மணிதான் இருக்கிறது, அதற்குள் பெண்ணைப் பார்த்து, கோப்பி குடித்து, படி இறங்கியும் ஆக வேண்டும். நான் படியில் நின்று கீழே பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. கண்டித்தவள் எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் சம்சுன்னிசா அதற்குள் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த அம்மாளின் தலையைப் பிடித்துக் கண்ணில் இறைத்து இறைத்துக் கழுவிவிட்டாள். வாளியை அடுப்படியில் வைத்துவிட்டும் போனாள். அவள் குணம் அது, சொல்லத்தான் வேண்டும்.

கண் திறந்ததும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தங்கம் கோப்பி கொண்டுவந்தாள். பையன் நிமிர்ந்து பார்த்தார், அவளும் பார்த்தாள், நான் பார்க்காதவள் போல இருந்தேன். முத்தாயி அம்மாளே ஒரு வாய் குடித்து, “கை மணம் இருக்கு” என்றார். அந்த நேரம் பார்த்து வாளியை எடுக்க வந்த சம்சுன்னிசா என் காதோரம், “நல்லாப் பாத்துக்குங்க தலைவி. ராகு காலத்துத் தண்ணி உங்களுக்கு ஆகாதுன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க. சம்பந்தியம்மாவுக்கு ஆகுமான்னு கேட்டீங்களா?” என்றாள். காதோரம் என்று அவள் நினைத்தாள். அவள் காதோரம் பேசினால் தேக்கா சந்தையில் மீன் விலைக் கூவல் நிற்கும். முத்தாயி அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எப்பப் புடிச்ச தண்ணி இது?”

நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சுப்பிரமணியம் திறந்தார். “பதினொன்னே காலும்மா. அது சிங்கப்பூர் ராகு. இந்திய ராகு இன்னும் பொறக்கவே இல்ல, பயப்படாதீங்க.”

அந்த அம்மாள் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். தாய்மாமன் ஒரு தும்மலோடு விடைபெற்றார். பையன் மட்டும் தன் கோப்பியைக் குடித்து, தாயார் வைத்துவிட்டுப் போன டம்ளரையும் எடுத்துக் குடித்துவிட்டுக் கடைசியாக இறங்கினார். தங்கம் மற்றப் பாத்திரமெல்லாம் தேய்த்துவிட்டாள். அந்த இரண்டு டம்ளரை மட்டும் இன்னும் கழுவவில்லை. ஏண்டி என்றால், தண்ணீர் இல்லையாம்.

அண்ணா, எனக்கு இராத்திரி கண் கொட்டவில்லை. நல்ல இடம், நல்ல பையன், குழந்தைக்கும் பிடித்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரால் கெட்டுப்போக விடலாமா? விடிந்ததும் சுப்பிரமணியம் தாமாகவே வந்து ஒரு யோசனை சொன்னார். அந்த மனிதர் சொல்லி நான் கேட்கும் கடைசி யோசனை இது. “அக்கா, நம்ம குழாய்ல வர்றதுல பாதி ஜொகூர்த் தண்ணி. அங்க விட்டது இங்க வந்து சேர நேரம் ஆவுமில்ல? நம்ம புடிச்ச நேரம் கெட்ட நேரமா இருக்கலாம். அது பொறப்பட்ட நேரம் நல்ல நேரமா இருந்தா? பயணத்துக்குப் பொறப்படுற நேரந்தானே கணக்கு!” யோசித்தால் சாத்திரம் சரியாகத்தான் இருக்கிறது. நாம் கூட ஊருக்குக் கிளம்பும்போதுதான் நேரம் பார்க்கிறோம், போய்ச் சேரும்போது யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் அங்கே தண்ணீர் ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். ஆகையால், நேற்றுப் பதினொன்றே காலுக்கு கெர்பாவ் ரோட்டுக்கு வந்த தண்ணீர் ஜொகூரிலிருந்து எந்தக் கிழமை, எந்த மணிக்குப் புறப்பட்டது என்று உங்கள் துரையிடம் விசாரித்து, நல்ல நேரமாக இருந்தால் அதை முத்தாயி அம்மாளிடம் நேரில் போய்ச் சொல்லி, மனத்தாங்கலைத் தீர்த்து வைக்கவும். நல்ல நேரமாக இல்லாவிட்டால் விசாரித்ததையே சொல்ல வேண்டாம். நான் குழாய்த் தலைவிப் பதவியை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். அட்டவணையையும் கிழித்துவிடப் போகிறேன். பழையபடி எவள் குடம் முந்துகிறதோ அவளுக்கு. ஆண்டவன் விட்ட வழி. சம்சுன்னிசாவோடு இனி பேருக்கு ஒரு பேச்சுதான்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். அங்கே எல்லாரும் வயிறு குளிர, மனம் குளிர இருக்க முருகன் அருள் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சந்திரமதி வடிவேலு

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும் நேரத்தில் தங்கம் வந்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஐயோ அம்மா, மாமாவுக்கு இத அனுப்பாதீங்க. கோப்பி சம்சு அக்கா தண்ணியில போடல” என்றாள். பின்னே எதில்? விடியற்காலையில் நல்ல நேரத்தில் நான் பிடித்து மூடிவைத்த பூசைக் குடத்தில் எடுத்திருக்கிறாள்! பூசைத் தண்ணீரை நான் வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால்தான் சொட்டு இல்லை என்று மேலே எழுதினேன். “அப்படின்னா நேத்துச் சாயங்காலம் நான் வேலுக்கு அபிஷேகம் பண்ணினது?” என்று கேட்டேன். “நீங்க திட்டுவீங்கன்னு குடத்துல சம்சு அக்கா தண்ணிய ஊத்தி ரொப்பிட்டேன்” என்கிறாள். நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். சாய்ந்தவள் நிமிர்வதற்குள் கீழேயிருந்து ஹனீபா நானா, “டெலிபோன்! டெலிபோன்!” என்று கத்துகிறார். மாப்பிள்ளைப் பையன்தான். தாயாரைச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு நேரம் குறிக்கும்போது சுப்பிரமணியம் பக்கத்தில் இருக்கக் கூடாது. முருகனுக்கு ராகு காலத் தண்ணீரில் அபிஷேகம் ஆகி, அடுத்த பூசைக்குள் சம்மதம் வந்திருக்கிறது. அவனுக்கு ஆகிற தண்ணீர் எனக்கு ஆகாது என்று சொல்ல நான் யார்? நேரே கீழே போய், இனி அட்டவணையில் எந்த ராகுவும் கிடையாது, எல்லா மணியும் எல்லாருக்கும் பொது என்று சம்சுன்னிசாவிடம் சொன்னேன். “அக்கா! எனக்குத் தண்ணி குடுத்த புண்ணியவானை ஒரே நாள்ல வெளியேத்திட்டீங்களே!” என்று மாரில் அடித்துக்கொண்டு, கையில் ஒரு சீனிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டாள். பதவியை விடுவதாக இல்லை. கல்யாணம் முடியும்வரை தலைவியாக இருப்பது நல்லது என்று இவரும் சொல்கிறார். ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், உங்கள் துரையிடம் எதையும் விசாரிக்கவும் வேண்டாம். ஆவணியில் உங்களுக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள். பதில் சீக்கிரம் வேண்டும்.