அறுபத்தொரு போத்தலுக்கு ஓர் அனுமதி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே தர முடியாது. முதலில் போத்தல்கள், பிறகு பதிவேடு, பிறகு தாலி. சிரிப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது. தயவுசெய்து பொறுமை காக்கவும்.

நெல்லியடியில் எங்கள் வீட்டுப் பந்தலில் அக்கா ஆரபிக்குக் கலியாணம். அலங்காரத்துக்கு அவள் கேட்டது கண்ணாடிப் போத்தல். ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல். கழுத்தில் சணல் கயிறு, உள்ளே தண்ணீர், இரண்டு தேமாப்பூ. வெளிநாட்டில் இப்போது இதுதான் நாகரிகமாம். வசதியானவர்கள் ஏழைகள் போலத் தெரிவதற்கு அங்கே மிகவும் கஷ்டப்படுகிறார்களாம்.

அரசாங்க அலுவலகமொன்றில், எங்கள் பேச்சில் கந்தோரில், தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா தியாகராசா மறுத்துவிட்டார்.

"ஊறுகாய் முடிஞ்ச போத்தலை மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குக் காட்டுறதோ? விசரே உனக்கு?"

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்குப் பதினாறு வயது. ஊரில் எல்லார் குரலிலும் எனக்குப் பேச வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்று அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"வணக்கம். சுகாதாரக் கந்தோர். தங்கள் இல்லத் திருமணத்தில் அறுபது போத்தல்களில் நீர் நிரப்பப்படவுள்ளதாக அறியக்கிடக்கிறது."

"இல்லை ஐயா, நான் மறுத்திட்டன்."

"மறுப்பதற்கு அனுமதி பெற்றீர்களா?"

யன்னலுக்குள்ளால் பார்த்தேன். அப்பா கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"போத்தல் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடவும். பொறுப்பாளரை நியமிக்கவும். தேங்கும் நீரில் கொசு பெருகுமாதலால் நுளம்பு அறிக்கையை மூன்று பிரதிகளில் பேணவும்."

அப்பாவுக்குப் பத்து வயது குறைந்தது. "பதிவேடு வைக்கிறதெண்டால் அது வேறை விசயம்" என்று பின்னேரமே சிவப்புக் கோடு அடிக்கத் தொடங்கினார். பெரியமாமி மூன்று போத்தலுக்குப் பொறுப்பாளர், சின்னமாமி இரண்டுக்கு. அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் பேச்சு இல்லை.

கலியாண நாள். மாப்பிள்ளை மணவறையில். மேளகாரர் தயார். அப்பா மட்டும் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி நடுவில் நின்றார்.

"சுகாதார அதிகாரி இதில கையெழுத்து வைக்காமல் தாலி கட்டேலாது."

"அப்பா, முகூர்த்தம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிசம்தான் கிடக்கு!" அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"முகூர்த்தம் இன்னொரு நாளைக்கும் வரும் பிள்ளை. பதிவேட்டில பிழை விழுந்தால் அழிக்கேலாது."

கிணற்றடிக்கு ஓடினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அனுமதி வழங்கப்பட்டது. உடனடியாகத் தாலி கட்டவும்!"

"வாய்ச்சொல்லு செல்லாது ஐயா. உங்களுக்குத் தெரியாததே?"

நல்ல காலம், அந்த நேரம் பார்த்து எங்கள் பகுதியின் உண்மையான சுகாதாரப் பரிசோதகர் நமசிவாயம், பரிசுப் பொதியோடு விருந்தாளியாக வந்து இறங்கினார். "உங்கட கந்தோர் போனில சொன்னபடி" என்று அப்பா பதிவேட்டை நீட்டினார். அவர் புரட்டினார். இப்படியொரு விதியை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரியாது என்று சொல்ல அவரது பதவியில் இடமில்லை என்பதும் தெரிந்தது.

"ஓ... இந்தச் சுற்றறிக்கையோ. நான்தானே உங்களுக்குப் போனில சொன்னனான்."

கையெழுத்து வைத்தார். வைத்தவர் வாசலைப் பார்த்தார்.

"அதுக்கு இலக்கம் எங்கை?"

"ஐயா, அது நிறைகுடம்."

"தண்ணி தண்ணிதான் கண்டியளோ."

நிறைகுடத்தில் அறுபத்தொன்று ஒட்டப்பட்டது. கெட்டிமேளம் முழங்கியது. இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, அக்கா கழுத்தில் தாலி ஏறியது.

பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த மூன்று அப்பாமார் நமசிவாயத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, உந்தப் படிவம் எங்கை எடுக்கிறது?"

"திங்கட்கிழமை கந்தோருக்கு வாங்கோ. மூண்டு பிரதி வேணும்."

அப்பா அவர்களைப் பார்த்தார். கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். கிட்ட வந்து காதுக்குள் சொன்னார்.

"முப்பத்தொரு வருசம் கந்தோரில இருந்தனான். எந்தக் கந்தோரும் ஒரு மனுசனுக்குத் தானாப் போன் எடுத்ததை நான் காணேல்லை. நீதானே?"

"ஓம் அப்பா. விளையாட்டா, பகிடிக்கு... இப்பவே போய் உண்மையைச் சொல்லட்டோ?"

"வாயைப் பொத்து பிள்ளை. கையெழுத்து விழுந்திட்டுது. இனி அது சட்டம்."