சியாமளா கார் கழுவிய சனிக்கிழமை

டொராண்டோ,
1974 ஏப்ரல் கடைசி.

உயர்திரு அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மச்சினன் சங்கரலிங்கம் பணிவோடு எழுதுவது. பாளையங்கோட்டையில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் மட்டும் உங்களைப் போலவே டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாகலட்சுமி சுகம். பனி உருகிவிட்டது. மரியாதைக்கு எழுதவேண்டியது இனி எதுவும் பாக்கி இல்லாததால் விஷயத்துக்கு வருகிறேன். அத்தான், இந்த மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், ஒரு பெட்ரோல் பங்கில் வைத்து, பெற்ற மகளைப் பார்த்து ‘இது என் பெண் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். குடித்திருந்தேனா என்று கேட்காதீர்கள். குடித்திருந்தால் அதன் மேலாவது பழியைப் போட்டிருப்பேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் ஊர்க்கதை எல்லாம் எழுதி, கடைசியில் தாளில் இடமில்லை என்று தப்பித்துவிடுவேன். இந்த இடத்தை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போன வருஷம் சியாமளா யூனிவர்சிட்டி விடுதியில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். அது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். அது விடுதி இல்லை அத்தான், சொராரிட்டி. காலேஜ் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து, ஒரு பழைய மூன்று மாடி வீட்டை எடுத்து, வாசலில் இரண்டு கிரேக்க எழுத்துகளை மாட்டிக்கொண்டு, அக்கா தங்கை என்று உறவு கொண்டாடி ஒன்றாக இருக்கிறார்கள். அதில் சும்மா போய்ச் சேர்ந்துவிட முடியாது. வாராவாரம் கூப்பிட்டு டீ கொடுத்துப் பார்க்கிறார்கள். எப்படி நடக்கிறாள், எப்படிப் பேசுகிறாள், என்ன படிக்கிறாள், பாடத் தெரியுமா என்று பார்த்துவிட்டு, பிறகு உள்ளே கூடிப் பேசி, பிடித்திருந்தால் சேதி அனுப்புகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “இது பெண் பார்க்கிறதுதானே?” என்றேன். “அப்பா, அப்படி எல்லாம் இல்லப்பா” என்றாள் சியாமளா. நான் கேட்கவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சேதி வந்த மறுநாளே நாகலட்சுமியைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, ஒரு தாம்பாளத்தில் ஆப்பிள், வாழைப்பழம், தேங்காய், மஞ்சள் கிழங்கு எல்லாம் அடுக்கி, சப்வே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் மார்கரெட் என்ற பெண். அவள்தான் அந்த வீட்டுக்குத் தலைவி. இருபது வயசு இருக்கும். நல்ல பெண், தேங்காயை வாங்கிக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள். உட்காரவைத்து, சேர்க்கைக் கட்டணம் இவ்வளவு, மாதச் சந்தா இவ்வளவு, சட்டையில் குத்திக்கொள்ள ‘பின்’ என்று முத்துப் பதித்த சின்னம் ஒன்று, அதற்கு இவ்வளவு என்று விவரம் சொன்னாள். நம் வீட்டில் இதுவரை யாராவது முதலில் சொன்ன தொகைக்குத் தலையாட்டியிருக்கிறோமா? நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சந்தாவை வேண்டுமானால் நீங்கள் சொன்னபடி வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் ஆசாரியிடம் சொல்லி, கெட்டியாக, கூலி குறைச்சலாகச் செய்து கொண்டுவந்து போட்டுவிடுகிறோம்” என்றேன். மார்கரெட் இப்படி ஒரு கோரிக்கை இதற்கு முன் வந்ததில்லை, கூட்டத்தில் வைத்துப் பேசுவதாகச் சொன்னாள். சியாமளா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாகலட்சுமி என் காலை மிதித்தாள். எனக்கு என்னவோ பேரம் பாதி படிந்துவிட்டதாகவே தோன்றியது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி செய்துகொள்வதை நாம் கூடப்பிறந்தவர்களுக்குச் செய்வதில்லை. ஒருத்திக்குப் பல் பிடுங்க வேண்டும் என்றால் நாலு பேர் கூடப் போகிறார்கள். தையில் ஒரு பெண்ணுடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப, எல்லோருமாகப் பொதுப்பணத்திலிருந்து அவள் சந்தாவைக் கட்டி இருத்திக்கொண்டார்கள். சியாமளா இதைக் கண் நிறையச் சொன்னபோது, “அப்படின்னா நம்ம சந்தாவிலிருந்தா?” என்று நான் கேட்டேன். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதெல்லாம் ஒத்திகை அத்தான். நான் உண்மையாகவே கீழே விழுந்தது அந்தச் சனிக்கிழமைதான்.

ஏகாம்பரத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் ஆபீசுக்காரர், காஞ்சிபுரம் பக்கம், நாங்கள் இருக்கும் இதே டோர்செட் பார்க் கட்டடத்தில் எங்களுக்கு மேலே குடியிருக்கிறார். அவரிடம் கார் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் காய்கறி வாங்க அவர் காரில் போய்ப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். அன்று கென்சிங்டன் சந்தையில் அபூர்வமாக வெண்டைக்காய் கிடைத்தது. திரும்பி வரும்போது ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கூட்டமாக நின்று, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி, கார் கழுவித் தருகிறோம் என்று அட்டை பிடித்திருந்தார்கள். பனிக்காலம் முழுக்க ரோட்டில் போட்ட உப்பு ஏகாம்பரம் கார் மேல் அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. வெளியே கழுவினால் இதைவிட இரண்டு மடங்கு என்று உள்ளே திருப்பிவிட்டார். அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் பனியன், முதுகில் அதே இரண்டு கிரேக்க எழுத்து, முழங்கால் வரை சுருட்டிய ஜீன்ஸ், ரப்பர் பூட்ஸ், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். நம் பெண், குனிந்து ஏகாம்பரத்தின் கார்ச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான், அவள் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? நோயாளிக் குழந்தைகளுக்காகக் கை விறைக்கப் பாடுபட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. நம் குடும்பத்தில் காரே வாங்கியதில்லை, அதற்குள் அடுத்தவன் காரைக் கழுவ வந்துவிட்டாளே என்றுதான் தோன்றியது. ஸீட்டில் சரிந்து, காய்கறிப் பையை மடியில் இழுத்து, தலையை உள்ளே விட்டு, முற்றலா பிஞ்சா என்று வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

“சார், அங்க பாருங்க. நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி கீது” என்றார் ஏகாம்பரம்.

“எங்க?”

“தோ, சக்கரத்தாண்ட. உங்க சியாமளா இல்ல?”

“என் பொண்ணா? என் பொண்ணு எதுக்குங்க கார் கழுவணும்? அவ லைப்ரரில உட்கார்ந்து படிச்சிட்டிருப்பா. இது யார் பெத்த பிள்ளையோ!”

என் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வெளியே தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மீதிக் கண்ணாடி முழுக்க நுரை வழிந்தது. ஏகாம்பரம் கொடுத்த காசை அவள் என் பக்கமாக வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டு, “தாங்க் யூ, சார்” என்றாள். நான் பைக்குள்ளிருந்து நிமிரவில்லை. சார்! அப்பா என்று கூப்பிட்ட வாயால் சார் என்று சொன்னாள். நான் அவளை யாரோ என்றேன். அவளும் என்னை யாரோ ஆக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெண்டைக்காயில் முழுசாக ஒன்றுகூட இல்லை.

இதோடு முடிந்திருந்தால் மென்று விழுங்கியிருப்பேன். மறுநாள் ஏகாம்பரம் வீட்டில் மாதாந்திர பஜனை. நாகலட்சுமிக்கு ஜலதோஷம், வரவில்லை. அந்த மட்டில் என் அதிர்ஷ்டம். பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது மனுஷன் தொடங்கிவிட்டார். “நம்ம ஊர்ப் பொண்ணு சார், தண்ணில நின்னு நடுங்குது. அப்பன்னு ஒருத்தன் கீறானா இல்லியா தெரில. இருந்தா வுடுவானா?” கார் கழுவிய பெண் வாய்க்கு வாய் மாறி, ஒரு சுற்று முடிவதற்குள் செருப்பில்லாத அநாதையாகிவிட்டாள். பெண்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். ஒரு அம்மாள் அந்த அப்பனைச் சபித்தாள். நானும் சுண்டலை வாயில் வைத்துக்கொண்டு, “அவனெல்லாம் ஒரு மனுஷனா?” என்றேன். உடனே ஆரத்தித் தட்டில் வசூல் ஆரம்பமாகிவிட்டது. தமிழ்ப் பெண் நிவாரண நிதி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பணத்தை அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து யார் சேர்ப்பது? “சங்கரலிங்கம் சார்தான் சரி. வயசுப் பொண்ணை வெச்சிருக்கிறவர், அவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்” என்று ஒருமனதாக என் கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் போட்டவன் நான்தான். அதற்கும் பாராட்டினார்கள்.

ஞாயிறு தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற பெண் அன்றும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், “இப்ப நேரமில்லப்பா” என்று வைத்துவிட்டாள். இரண்டு கவளம் சாப்பிட்டால் மூன்றாவது இறங்கவில்லை. இந்தப் பெண் இனி நம் வாசல் மிதிக்கமாட்டாள் என்று முடிவாகவே தோன்றிவிட்டது. நாகலட்சுமியிடம் சொல்லத் தைரியமில்லை. ஒரு புதன்கிழமை ஆபீசிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போய் மணியடித்தேன்.

மார்கரெட் திறந்தாள். “மிஸ்டர் லிங்கம்! அந்த முத்துப் பின் விஷயமாகவா?” என்றாள். ஆண்பிள்ளைகள் முன்கூடத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் போகவர இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் நடுவில்தான் என் விசாரணை. சியாமளா கையில் புஸ்தகத்தோடு இறங்கிவந்தாள்.

“என்னப்பா? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“அம்மா நல்லாருக்கா. நான்தான்... அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“என்னைக்கு?”

பார்த்தீர்களா அத்தான், அவள் அம்மா கேட்கிற அதே ‘என்னைக்கு’. என் வாயாலேயே வர வேண்டுமாம். “எல்லார் முன்னாலயும் உன்னை விட்டுக்கொடுத்துட்டேன் சியாமா. நீ ஒரு தப்பும் பண்ணலை. நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத்தான் பயம். எனக்கே என்னை நினைச்சா கேவலமா இருக்கு” என்றேன். பாஷை புரியாவிட்டாலும் ஒரு நடுவயசு ஆள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினால் அந்த வீட்டில் சும்மா இருப்பார்களா? ஒருத்தி சூடாக கோக்கோ கொண்டுவந்தாள். ஒருத்தி கைக்குட்டை கொடுத்தாள். இரண்டு பேர் சியாமளாவுக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கிற மாதிரி வந்து நின்று தோளில் கை போட்டுக்கொண்டார்கள். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

“சரிப்பா. விடுங்க” என்றாள்.

“மன்னிச்சிட்டியா?”

“மன்னிச்சிட்டேன்பா. எல்லாத்துக்கும்.”

எல்லாத்துக்கும் என்றாள் அத்தான்! ஒன்றுக்குக் கேட்கப் போனவனுக்கு மொத்தமாகவே கொடுத்துவிட்டாள். நிவாரண நிதிக் கவரை, நம் ஆட்கள் கொடுத்தது, ஆஸ்பத்திரிக் கணக்கில் சேர்த்துக்கொள் என்று கையில் வைத்தேன். மார்கரெட் அதை எல்லோருக்கும் அறிவிக்க, மாடிப்படி முழுக்கக் கைதட்டல். சந்தோஷத்தில் நானும், அடுத்த முறை கார் கழுவ நானே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றே லிஃப்டில் ஏகாம்பரத்தைப் பார்த்து, “அந்தப் பொண்ணு என் பொண்ணுதாங்க” என்று போட்டு உடைத்தேன். லிஃப்ட் நின்று கதவு திறந்த பிறகு, “அப்ப அந்த வெண்டைக்காயை ஏன் சார் ஒடிச்சீங்க? அதுல பாதி என்னுதாச்சே!” என்றார்.

அவர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். திருச்செந்தூர் போகிற வழியில் அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுப்பார், கூடவே இந்தக் கதையையும் அவருடைய பாணியில் கொடுப்பார். அதற்கு முன் உண்மையை என் கையெழுத்தில் நீங்கள் படித்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். நான் செய்தது சின்னத்தனம். பெண் பெரியவளாகிவிட்டாள், நான் இன்னும் ஆகவில்லை. அக்காவின் கையால் ஒரு குட்டு என் பங்குக்கு எடுத்து வைக்கவும். உங்கள் இருவர் காலையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
சங்கரலிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு நாகலட்சுமியிடம் கொடுத்தேன். வழக்கம்போல் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. “ஏங்க, அந்தச் சனிக்கிழமை அவ என்கூட சினிமாவுலல்லா இருந்தா! நீங்க காய் வாங்கப் போற சனிக்கிழமை எல்லாம் நாங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குத்தான் போறோம்” என்கிறாள். கார் கழுவியது அதே வீட்டிலிருக்கும் இந்திராணி என்ற கயானாப் பெண்ணாம், தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து அங்கே போன குடும்பமாம். ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் காரணம் பரீட்சை. நான் உடனே சியாமளாவுக்குப் போன் போட்டு, அப்படியானால் அன்று நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றே உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். “தெரியாதுப்பா. நீங்க கேக்க வேண்டியது நிறைய இருந்துச்சு, அதுல ஏதோ ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டேன்” என்றாள்.