உங்கள் அண்ணன் சொன்ன அர்த்தங்கள்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
4-11-1959

அன்புக்குரிய கொழுந்தனார் ஸ்தனிஸ்லாஸ் தம்பிக்கு, அண்ணி ரோசம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. தேவமாதா தயவில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மணப்பாறையில் நீங்களும் பாக்கியமேரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சகாயநாதன் காலேஜில் சேர்ந்திருப்பதால் அண்ணனுடைய பெரிய இங்கிலீஷ் டிக்ஷனரியை மகனுக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு அது எதற்கு? தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன், அவ்வளவுதான். ரயில்வே துரை சீமைக்குப் புறப்பட்டபோது ஏலத்தில் எடுத்து, ஜட்காவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாரே, அன்றிலிருந்து ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் சொல்லாமல் உங்கள் அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவியதில்லை. அதுவும் உபயோகமான வார்த்தையா? யாருக்கும் வேண்டாததாகப் பார்த்துப் பொறுக்குவார். ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவதற்கு டிஃபெனஸ்ட்ரேஷன். குடை நுனியில் இருக்கிற பூணுக்கு ஃபெரூல். முந்தாநாள் சமாசாரத்துக்கு நூடியஸ்டெர்ஷியன். வெள்ளைக்காரனே அதை மறந்து எத்தனையோ காலம் ஆயிற்றாம். தந்தி வந்தால் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் யாரையாவது ஜன்னல் வழியாக எறிந்தால் இங்கிலீஷில் பேர் சொல்லிவிடுவேன்.

கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கல்லறைத் திருநாளன்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவரவர் வீட்டில் போனவருக்குப் பிடித்ததைத்தானே வைக்கிறார்கள்? பக்கத்துக் கல்லறைக்கு வந்த அற்புதம்மாள் புருஷனுக்கு மூக்குப்பொடி டப்பா வைத்திருந்தாள். நான் ஸ்ரீரங்கத்துச் சாமந்தி மாலையைச் சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, டிக்ஷனரியை வைத்தேன்.

“என்ன ரோசு, மோட்சத்திலேயும் அவருக்குப் பரீட்சையா?” என்றாள்.

அந்த நேரம் கோயில் உபதேசியார் பிச்சமுத்து வந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர். “உபதேசியாரே, இதுல கல்லிமாஃப்ரின்னு ஒரு வார்த்தை இருக்கும். அவருக்குக் கேக்கிற மாதிரி கொஞ்சம் படிங்க” என்றேன். அது எனக்கென்று அவர் வைத்திருந்த வார்த்தை, தம்பி. தட்டில் சோறு விழுந்ததும் “ரோசு, இன்னைக்கு கல்லிமாஃப்ரி!” என்பார். ராஜா வீட்டு விருந்து என்று அர்த்தம் சொல்லியிருந்தார். நானும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி போடுவேன்.

உபதேசியார் தேடிப் பிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மிச்சம் மீதியெல்லாம் ஒண்ணாப் போட்டுக் கிண்டினதுன்னு போட்டிருக்கும்மா” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “ஏங்க, காலமெல்லாம் வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டவளை இப்படியா ஏமாத்துவீங்க? எழுந்து வந்து பதில் சொல்லிட்டு அப்புறம் படுங்க!” என்று கல்லறையைப் பார்த்துக் கத்திவிட்டேன். சுற்றி அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். “நல்லாக் கேளு, விடாதே! எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துக் கேளு!” என்றாள் அற்புதம்மாள். தீர்த்தம் தெளிக்க வந்த சுவாமியார் செம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை, தம்பி, அப்புறம் எல்லோருமே சிரித்தோம். தவசு காலத்தில் அவர் போனதிலிருந்து சண்டை போட ஆள் இல்லாமல் வீடு ஊமையாகக் கிடந்தது. அன்றைக்குத்தான் வயிறாரத் திட்டினேன். வீட்டுக்கு வந்து மீந்திருந்ததையெல்லாம் ஒன்றாகக் கிளறித் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

ஆகையால் முழுமனசோடு புத்தகத்தைத் தருகிறேன். பழக்கடை அழகர்சாமி வெள்ளிக்கிழமை மணப்பாறைக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சகாயத்தை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாக்கியமேரிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடவும்.

இப்படிக்கு,
அண்ணி ரோசம்மாள்

பின்குறிப்பு: அழகர்சாமி கையில் வருவது முறுக்கு மட்டும்தான். கடிதத்தை ஒட்டப்போகும்போது உங்கள் ஞாபகம் வந்தது. அண்ணன் உங்களை ஆசையாக ‘கம்பர்வேர்ல்டு’ என்று கூப்பிடுவாரே, உலகமே மெச்சுகிற கெட்டிக்காரன் என்று அர்த்தம் சொல்லி. புதுக் கடைக்கு அதையே பெயராக வைக்கப்போவதாக நீங்களும் எழுதியிருந்தீர்களே. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கே போய் அதையும் பார்க்கச் சொன்னேன். உபதேசியார் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் சொன்னார். அதை அப்படியே எழுத அண்ணிக்குக் கை வரவில்லை; உலகம் என்கிற பாதி மட்டும் சரியாம், ஆனால் மெச்சுகிறது இல்லை, வீணாகச் சுமக்கிறதாம். டிக்ஷனரி இங்கேயே இருக்கட்டும். சகாயத்துக்குப் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். புதுசில் அந்த வார்த்தையை எடுத்திருப்பார்களாம். போர்டு எழுத ஆள் வந்திருந்தால், காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.